ரோடு மூடத் தெரிந்த ஊர்

கேள்வித்தாளில் மொத்தம் நூற்று நாற்பத்தாறு கேள்விகள் இருந்தன. எழுபத்து மூன்றாவது கேள்விக்குக் குற்றாலலிங்கம் எழுதிய பதில்தான் எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது.

ஆசிய மலைப்பாதைக் கார்ப் பந்தயம் ஒவ்வொரு வருடமும் ஆறு நாடுகளில் ஆறு சுற்றாக நடக்கிறது. அடுத்த தொடரில் ஐந்தாவது சுற்றை நடத்த வேண்டிய நாடு பின்வாங்கிவிட, அந்த இடத்துக்கு ஓமான், கிர்கிஸ்தான், இந்தியா என்று மூன்று நாடுகள் போட்டியிட்டன. இந்தியாவின் சார்பில் முன்வைக்கப்பட்டது வித்துரா தாண்டி, கல்லாற்றிலிருந்து பொன்முடிக்கு ஏறும் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். இதற்காகத் தம்பானூரில் ஒரு லாட்ஜின் மூன்றாம் மாடியில் ‘செல்’ என்ற தற்காலிக அரசு அலுவலகம் திறக்கப்பட்டது. செல் என்றால் ஸ்பெஷல் ஆபீசர் குற்றாலலிங்கம், புராஜெக்ட் ஆபீசர் பத்மப்ரியா, டிரைவர் பிரதீஷ், பேப்பர் சிக்கிக்கொள்ளும் ஒரு ஜெராக்ஸ் மெஷின்.

குற்றாலலிங்கம் முப்பத்தொரு வருடம் செக்ரட்டேரியட்டில், சட்டசபைக் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலை அவருக்கு இரண்டு பழக்கங்களைக் கொடுத்திருந்தது. எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டார். கேட்டதற்கு முழுப் பதில் எழுதுவார்; கேட்காததைப் பற்றி யோசிக்கக்கூட மாட்டார்.

பந்தயக் கூட்டமைப்பு அனுப்பிய கேள்வித்தாளில் எழுபத்து மூன்றாவது கேள்வி இது: கடந்த ஆண்டில் உங்கள் பகுதியில் பொதுச்சாலைகள் முழுவதுமாக மூடப்பட்ட சந்தர்ப்பங்கள், தேதி, நேரம், காரணம், காயமடைந்தவர்கள்.

அவர் இருபத்திரண்டு போலீஸ் ஸ்டேஷன்களுக்குக் கடிதம் எழுதினார். பதில்கள் வந்தன. பத்மப்ரியா உட்கார்ந்து டைப் செய்தாள். பதினொரு பக்கம், இருநூற்றுப் பன்னிரண்டு சந்தர்ப்பங்கள். ஹர்த்தால்கள், செக்ரட்டேரியட் வாசலுக்குப் போன ஊர்வலங்கள், கட்சி மாநாடுகள், லட்சக்கணக்கான பெண்கள் நகரத்தின் தெருக்களில் அடுப்பு மூட்டி உட்காரும் ஆற்றுகால் பொங்கல். கடைசிப் பக்கத்தில் யானையோடு போகும் கோவில் ஆறாட்டு ஊர்வலம்: வருடத்துக்கு இரண்டு தடவை, மாலை நாலு மணி முதல் ஒன்பது வரை, சர்வதேச விமான நிலையத்தின் ரன்வே மூடப்படுகிறது. காரணம் என்ற கட்டத்தில், ‘ஸ்வாமி கடலில் நீராடப் போவது.’

"சார், அவா கேட்டது ஸ்போர்ட்ஸுக்காக மூடினதாக்கும்" என்றாள் பத்மப்ரியா.

"அப்படிக் கேள்வியில இல்லியே, பத்மா. கேட்டதுக்குப் பதில். பேஜ் நம்பர் போட்டுக்கிடு."

மூன்று வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. இருபது வருடத்தில் எந்த நாடும் இவ்வளவு அனுபவத்தோடு விண்ணப்பித்ததில்லை என்று கூட்டமைப்பு எழுதியிருந்தது. யானையோடு ரன்வேயை மூடிய விவரத்தை அவர்கள் இரண்டு தடவை படித்தார்களாம். கிர்கிஸ்தான் வெளியே போயிற்று. மிச்சம் ஓமானும் இந்தியாவும். ஆகஸ்ட் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை ஓர் ஆய்வாளர் வருவார். மலைப்பாதையை இரண்டு மணி நேரம் மூடிக் காட்டினால் போதும்.

"இருநூத்திப் பன்னெண்டு தடவை மூடியிருக்கோம். இருநூத்திப் பதிமூணு பெரிய காரியமா?" என்றார் குற்றாலலிங்கம்.

பத்மப்ரியாவுக்கு அது பெரிய காரியம்தான். அவளுக்கு முப்பத்தேழு வயது. ஒன்பது வருடத்தில் இது நாலாவது செல். படகுப்போக்குவரத்து செல், மூங்கில் செல், பாரம்பரிய நடைபாதை செல், மூன்றுமே தொடங்கிய காரியம் முடிவதற்கு முன் மூடப்பட்டவை. இந்தியாவுக்குச் சுற்று கிடைத்தால் இந்தச் செல் மூன்று வருடம் நீடிக்கும். கிடைக்காவிட்டால் அக்டோபர் முப்பத்தொன்றோடு சரி.

கரமனையில் அவளுடைய அம்மா விஜயம் இதைத் தன் வழியில் கணக்கு வைத்திருந்தாள்.

"தெருவிலே கேக்கறா, இப்போ எந்த டிபார்ட்மென்டுன்னு. நான் என்னன்னு சொல்ல? போன வாட்டி மூங்கில்னேன். மூங்கில் பூத்துடுத்தான்னு கேட்டுச் சிரிக்கறா."

"கார்ப் பந்தயம்னு சொல்லும்மா."

"கார் ஓடறதோ என்னமோ, வேலை ஓடிப்போறது நமக்குப் பழக்கம்தானே. ஆகட்டும், எத்தனை மாசத்துக்காக்கும்?"

பத்மப்ரியா அனுமதிகளுக்காக அலையத் தொடங்கினாள். போலீஸ், ரோடு மராமத்துத் துறையுடையது என்றது. மராமத்துத் துறை, ரோடு எங்களுடையது, அதில் ஓடுகிற வண்டி எங்களுடையது இல்லை என்றது. வனத்துறை, ரோட்டின் இரண்டு பக்கமும் எங்களுடையது, நடுவில் நடப்பதை நாங்கள் பார்ப்பதில்லை என்றது. பஸ் டிப்போவும் பஞ்சாயத்தும் மற்றவர்கள் கையெழுத்துப் போடட்டும் என்றன. கடைசியில் ஐந்து கடிதங்கள் கிடைத்தன. மற்ற நான்கு அலுவலகங்களும் சம்மதித்தால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஐந்தும் ஒரே குரலில் சொல்லின.

ஒரு கிளார்க் மட்டும் மனசு கேட்காமல் உண்மையைச் சொன்னார்.

"சாதாரணமா ஆரும் அப்ளிகேஷன் தராறில்ல, மேடம். சும்மா வந்து மூடும், போகும். இவிடே ரோடு மூடுறதுக்குன்னு ஒரு டிபார்ட்மென்டே இல்ல."

ஆய்வாளர் வருவதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அவள் வித்துராவுக்குப் போனாள். வியாபாரி சமிதித் தலைவர் நேசையன் கடை சந்தை முனையில் இருந்தது. மிளகும் பாக்கும் கொள்முதல் செய்கிற கடை. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பாட்டன் காலத்தில் மலையேறிய குடும்பம். அறுபத்தொரு வயது. வெயிலோ மழையோ, கடைக்குள்ளேயோ வெளியேயோ, கையில் குடை இருக்கும். வித்துராவில் ஒரு ஹர்த்தால் பலிக்குமா என்பது அவருடைய ஷட்டரைப் பொறுத்தது. அது இறங்கினால் தெரு முழுக்க இறங்கும்.

அவர் டீ வரவழைத்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"கார் ஓட்டப் பந்தயம். அதுக்கு ரோட்டை அடைப்பீங்களாக்கும்."

"பந்தயத்துக்கு மூணே நாள், அண்ணாச்சி."

"மூணு நாளு. எஸ்டேட்டுக்காரன் எப்படிப் போவான்? ஜீப்புக்காரன் என்னத்தைத் திம்பான்? நேரா சொல்லிப்போடுதேன், மோளே. அந்த ரோட்டை அடைச்சா நாங்க சும்மா இருக்க மாட்டோம். வித்துராலேருந்து கல்லாறு வரைக்கும் ஒரு வண்டி ஓடாது. ஹர்த்தால்தான்."

பத்மப்ரியா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"எத்தனை மணிலேர்ந்து?"

"எது?"

"ஹர்த்தால்."

"காலையில ஆறு. சாயங்காலம் ஆறு."

"கல்லாறோட நிறுத்திடுவேளா?"

"ஏன் நிறுத்தணும்? மேல பொன்முடி வரைக்கும் அடைப்போம்."

"இல்லே, இருபத்திரண்டு வளைவாச்சே. அத்தனையிலேயும் நிக்க ஆளுக்கு எங்கே போவேள்னு யோசிச்சேன்."

நேசையன் முகம் சிவந்தது. "வளைவுக்கு நாலு பேரு. எண்பத்தெட்டுப் பேரு. கொடி, போர்டு, எல்லாத்தோடயும். போதுமா?"

"தாராளம்" என்றாள். "செவ்வாய்க்கிழமை சௌகரியப்படுமோ? பன்னிரண்டாம் தேதி?"

நேசையன் அவளைப் பார்த்தார். குடையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். சத்தம் வராமல் தோள்கள் மட்டும் குலுங்கச் சிரித்தார்.

"நீ எந்த ஊரு?"

"கரமனை."

"டீ குடிக்க வந்த மாதிரி வந்து அடுப்பையே தூக்கிட்டுப் போறியே, பிள்ளே."

"உங்களுக்கு எப்படியும் எதிர்க்கணும். எனக்கு எப்படியும் மூடணும்."

"ஆனா ஒண்ணு. எனக்கு இது நாடகம் இல்ல. பந்தயம் வேண்டாம்னா வேண்டாம்தான். மைக்கில உன் ஆபீசை நல்லா ஏசுவேன்."

"ஏசுங்கோ. இல்லேன்னா ஹர்த்தால்னு ஆரு நம்புவா?"

"ஏழு நாளைக்கு முன்ன நோட்டீஸ் குடுக்கணும். கோர்ட்டு உத்தரவு."

"அதிலே ஒரு காப்பி எங்க ஆபீசுக்கும் அனுப்பிடுங்கோ, அண்ணாச்சி."

நோட்டீஸ் மூன்றாம் நாள் பதிவுத் தபாலில் வந்தது. ‘கார்ப் பந்தயத்துக்காக மக்களின் ரோட்டை மூடும் சதியைக் கண்டித்து, பன்னிரண்டாம் தேதி ரோடு முழுவதுமாக மூடப்படும்.’ குற்றாலலிங்கம் அதை இரண்டு தடவை படித்து, சீல் வைத்து, அனுமதிக் கடிதங்கள் இருந்த ஃபைலில் ஆறாவதாகச் சேர்த்தார்.

"இது எதிர்ப்பு நோட்டீஸ், சார்."

"இருக்கட்டும். ரோடு மூடப்படும்னு நிபந்தனை இல்லாம எழுதிக்குடுத்தது இவன் ஒருத்தன்தான்."

ஆய்வாளர் ஹிரோத்தா திங்கட்கிழமை வந்து சேர்ந்தார். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். கைப்பிடி வைத்த மஞ்சள் அளவுச் சக்கரம் ஒன்றைத் தரையில் உருட்டிக்கொண்டே நடப்பார். லாட்ஜின் வராந்தாவையும் அளந்தார்.

செவ்வாய் காலை ஐந்தரைக்குப் பிரதீஷ் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான். அது வரை யாருக்கும் தோன்றாதது.

"மேடம், ஹர்த்தால்ல விடுந்நது பால் வண்டி, பேப்பர் வண்டி, ஆம்புலன்ஸ், கல்யாணம். நம்மள் இதில ஏதா?"

ரோடு நன்றாக மூடப்பட வேண்டும். அது எவ்வளவு நன்றாக மூடியிருக்கிறது என்று பார்க்க வந்தவர் மட்டும் அதில் போக வேண்டும். பத்மப்ரியா நேசையனுக்குப் போன் செய்தாள்.

"உனக்குன்னு ஒரு கயிறு அவிழ்த்தா எண்பத்தேழு பேரு என்னைக் கேள்வி கேப்பான்" என்றார் அவர். "பட்டியல்ல இருக்கதுல ஒண்ணாத்தான் வரணும்."

தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு பூக்கடை அப்போதுதான் திறந்திருந்தது. பத்து நிமிடத்தில் வண்டியின் முன்பக்கம் முல்லைச்சரம் ஏறியது. கண்ணாடியில் ‘விவாகம்’ என்று பிரதீஷ் மலையாளத்தில் எழுதி ஒட்டினான்.

ஹிரோத்தா பூவைப் பார்த்து, இது எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"விருந்தினருக்கு மரியாதை" என்றாள் பத்மப்ரியா.

அவர் குனிந்து வணங்கிவிட்டு, சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வித்துராவில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. கல்லாற்றுக்கு மேல் ரோடு மழையில் கழுவிவிட்ட மாதிரி கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் நாலு பேர், ஒரு சிவப்புக் கொடி, ஒரு கயிறு, ஒரு போர்டு. கண்ணாடியில் இருந்த எழுத்தைப் படித்ததும் கயிறு இறங்கும். வண்டி போனதும் ஏறும். ஹிரோத்தா நேரம் குறித்துக்கொண்டே வந்தார். கயிறு இறங்கி ஏறப் பதினோரு வினாடி. அடுத்த வளைவில் பத்து.

ஏழாவது வளைவில் ஒரு ஜீப் டிரைவர் ஜன்னல் வழியாகக் குனிந்து ஹிரோத்தாவையும் பத்மப்ரியாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாப்பிள்ளைக்கு வயசு கொஞ்சம் கூடுதலாக்கும். ஆனா பரவால்ல, நல்ல அடக்கமான ஆளு."

பதினோராவது வளைவில் நேசையன் ஒரு கையில் குடையும் ஒரு கையில் மைக்குமாக நின்றிருந்தார். தம்பானூர் லாட்ஜில் உட்கார்ந்து மலையை விற்கிற கும்பல் என்று ஆரம்பித்திருந்தவர், வண்டியைக் கண்டதும் மைக்கைத் தாழ்த்தி, "கல்யாண வண்டி, விடுங்கலே" என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பதினாலாவது வளைவில் பத்மப்ரியாவின் போன் அடித்தது. அம்மா.

"வித்துராலே உனக்குக் கல்யாணமாமே. கோவில்லே வந்து சொல்லிட்டுப் போறா. ஜப்பான்காரனாமே."

"அம்மா, நான் டூட்டிலே இருக்கேன்."

"இருந்துக்கோ. ஒண்ணு மட்டும் சொல்லு. வேலைதான் உனக்குக் கான்ட்ராக்ட். இதாவது பெர்மனென்டா?"

உச்சியில் மூடுபனி இறங்கியிருந்தது. இரண்டு மணி நேரம் ஹிரோத்தா நின்றும் நடந்தும் பார்த்தார். மேலேயும் கீழேயும் ஒரு வண்டி வரவில்லை. ஒரு குரங்குக் கூட்டம் ரோட்டைத் தாண்டியது, அதையும் குறித்துக்கொண்டார். முடிவில் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, பத்தொன்பது நாடுகளில் ரோடு மூடுவதைப் பார்த்திருப்பதாகவும், இவ்வளவு அமைதியாக, போலீஸ் ஒருவர்கூட இல்லாமல் பார்த்ததில்லை என்றும் சொன்னார். ஓமான் இனிப் பின்னால்தான் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

பிறகு கேட்டார்: "எல்லாப் போர்டிலும் ஒரே எழுத்து இருக்கிறதே. என்ன எழுதியிருக்கிறது?"

நல்வரவு என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு மலையாளம் தெரியாது. பிரதீஷ் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தான். மூன்று வருடம் என்று பத்மப்ரியா நினைத்தாள். மூங்கில் செல்லில் கடைசி நாள், அளந்து முடிக்காத தோப்புகளின் பட்டியலை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனது நினைவுக்கு வந்தது. பூவுக்கு ஒரு பொய் சொல்லியாயிற்று. அது பூ. இது கேள்வித்தாள்.

"‘பந்தயத்துக்காக எங்கள் ரோட்டை மூடாதே’ என்று எழுதியிருக்கிறது" என்றாள்.

ஹிரோத்தா தான் குறித்த பக்கங்களை ஒரு தடவை பின்னோக்கிப் புரட்டினார்.

"ரோட்டை மூடக் கூடாது என்று சொல்வதற்காக ரோட்டை மூடியிருக்கிறார்கள்."

"ஆமாம்."

"பந்தயத்தன்றும் இப்படி மூடுவார்களா?"

"இதைவிட நன்றாகவே மூடுவார்கள். உங்கள் கார்களையும் விட மாட்டார்கள்."

"அரசாங்க அனுமதி?"

"ஐந்து கடிதம் இருக்கிறது. ஒவ்வொன்றும் மற்ற நாலுக்காகக் காத்திருக்கிறது."

அவர் பக்கம் திருப்பி எழுதினார். பிறகு, இதற்குப் பொறுப்பான ஆள் யார் என்று கேட்டார்.

"குடை வைத்திருப்பவர்."

திரும்பும் வழியில் பதினோராவது வளைவில் ஹிரோத்தா இறங்கினார். நேசையனுக்கு முன்னால் நின்று வணங்கினார். நேசையன் குடையோடு பதிலுக்கு வணங்கினார். வளைவுக்கு யாரை நிறுத்துவது என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்ற கேள்வியைப் பத்மப்ரியா மொழிபெயர்த்தாள்.

"அதுல என்ன இருக்கு? ஒவ்வொரு வளைவுலயும் இந்த ரோட்டுல தினம் ஓட்டுத ஜீப்புக்காரன் ஒருத்தன் நிக்கணும். வாரவனுக்கு அவன் முகம் தெரியணும். தெரியாதவன் நிறுத்தினா சண்டைக்கு வருவான். தெரிஞ்சவன் நிறுத்தினா பீடி கேப்பான். அவ்வளவுதான்." பிறகு மைக்கைத் தூக்கி, "அன்னிய நாட்டு ஏஜென்டுகளே திரும்பிப் போங்கள்" என்று ஒரு தடவை சொல்லி முடித்து, மறுபடி தாழ்த்தினார். "இவரைச் சொல்லலை. பொதுவா."

ஹிரோத்தா முகம் தெரிந்த ஆள் என்பதை அடிக்கோடிட்டுக்கொண்டார்.

செப்டம்பர் கடைசியில் முடிவு வந்தது. சாலை மூடும் திறமைக்கு இந்தியாவுக்கு ஐம்பதுக்கு ஐம்பது. அனுமதிக்கு இருபதுக்குப் பூஜ்யம். சுற்று ஓமானுக்குப் போயிற்று.

பத்மப்ரியா அந்தக் கடிதத்தைக் குற்றாலலிங்கத்தின் மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்வரவுன்னு சொல்லியிருந்தா கிடைச்சிருக்கும்."

"கிடைச்சிருக்கும், சார்."

"கேட்டதுக்குப் பதில்" என்றார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு, "அடுத்த பக்கத்தைப் படிச்சியா? பின்பக்கமும் இருக்கு."

பின்பக்கத்தில் கூட்டமைப்பு எழுதியிருந்தது: ஓமான் மலைப்பாதை மிக நன்றாக இருக்கிறது, ஆனால் அதை இதுவரை யாரும் ஒரு மணி நேரம்கூட மூடியதில்லை. ஆறு நாடுகளுக்கும் சாலை மூடும் பணியை ஒழுங்குசெய்ய இரண்டு வருடத்துக்கு ஓர் அதிகாரி வேண்டும். போர்டில் இருந்ததை இருந்தபடி படித்துச் சொன்ன பெண்மணி வர முடியுமா? முதல் ஆறு வாரத்துக்குக் குடை வைத்திருந்தவரும் கூட வந்தால் நல்லது.

செல்லை மூடும் படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. இதுவரை மூன்று செல்லிலும் அது காலியாகவே விடப்பட்டதைப் பத்மப்ரியா பார்த்திருக்கிறாள். குற்றாலலிங்கம் எழுதினார்: ‘மூடத் தெரியும்; மூட அனுமதிக்க ஆள் இல்லை.’

விஜயம் இரண்டு வருடம் என்பதை மட்டும் கேட்டாள். "கவர்மென்டே உனக்கு அத்தனை நாள் தந்ததில்லியே" என்றாள். அன்றைக்கே தெருவில் சொல்லிவிட்டாள்.

நேசையனைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"பந்தயத்தை எதிர்த்தவன் பந்தயத்துக்கே வேலைக்குப் போறதா? நாளைக்கு எவன் என் பேச்சைக் கேட்டு ஷட்டர் போடுவான்?"

"வித்துரா ரோட்டை மூடக் கூடாதுன்னேள். மூடலை. ஜெயிச்சாச்சு. அது ஓமான் ரோடு, அண்ணாச்சி."

அவர் குடையின் நுனியால் தரையில் ஒரு கோடு இழுத்தார். "இங்கேருந்து கல்ஃபுக்கு ரோடு போடப் போனவன் ஆயிரம் பேரு இருக்கான்" என்றார். "ரோடு மூடப் போறவன் நான்தான் முதல்ல, இல்லியா?"

மஸ்கட் விமானம் மாலை ஆறரைக்கு. பிரதீஷ் நாலு மணிக்கெல்லாம் இருவரையும் விமான நிலையத்தில் இறக்கினான். வாசலில் இருந்த சி.ஐ.எஸ்.எஃப். ஜவான் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, இது ஒன்பதரைக்கு மாறிப் பத்து நாளாயிற்று என்றார். டிக்கெட் போட்டது கூட்டமைப்பு. செய்தி அவர்களுடைய மின்னஞ்சலுக்குப் போய்விட்டது.

"எதுக்கு மாத்தினாங்க?" என்றார் நேசையன்.

பத்மப்ரியாவுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. ஐப்பசி ஆறாட்டு. மாலை நாலு முதல் ஒன்பது வரை. பதினோராவது பக்கம், கடைசி வரி. அவளே டைப் செய்தது.

பெட்டிகளை வண்டியில் போட்டுவிட்டு வள்ளக்கடவுக்குப் போனார்கள். ஊர்வலம் விமான நிலையத்துக்குள் நுழையும் இடம் அது. ரோடு நெடுக ஜனம். கயிறுகள், போலீஸ், கயிற்றுக்கு முன்னால் அந்தந்தத் தெரு ஆட்கள். நேசையன் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மிளகு தரம் பார்ப்பவரைப் போல ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"அந்த மூலையைப் பாரு. போலீஸ் சொல்லி எவனும் நகரலை. அந்தச் சாயாக்கடைக்காரன் கையைக் காட்டுதான், எல்லாவனும் பின்னால போறான்." சற்று நின்று, "சுத்தமா மூடியிருக்கானுவ" என்றார். தொழில்காரரின் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

யானை வந்தது. அதன் பின்னால் வாள் ஏந்தியவர்களும் ஸ்வாமி வாகனங்களும். கேட் திறந்தது. ஊர்வலம் ரன்வே பக்கமாகத் திரும்பியது.

பத்மப்ரியா ஹிரோத்தாவுக்குச் செய்தி அனுப்பினாள். வருகை தாமதமாகும், ரன்வே மூடியிருக்கிறது.

பதில் உடனே வந்தது. "எவ்வளவு நேரம்? காயம்?"

"ஐந்து மணி நேரம். இல்லை."

இந்தத் தடவை பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. ஊர்வலத்தின் கடைசி வரிசையும் கேட்டுக்குள் மறைந்து, கயிறு மறுபடி ஏறிய பிறகுதான் வந்தது.

"அவசரம் இல்லை. கயிறு ஏற எத்தனை வினாடி என்று குறித்துக்கொண்டு வாருங்கள்."

அவள் அதை நேசையனிடம் காட்டினாள். "ஒம்பது" என்றார் அவர்.